போர்வை போர்த்திய பழமும் குறி படிக்கும் புரதமும்



வீட்டுக் கொல்லையில் வாழை வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி நன்றாகத் தெரியும். தாய் மரம் பிசாங் மாஸ் என்றால் அதன் அடியில் முளைக்கும் கன்றும் பிசாங் மாஸ்தான். தாயின் பழம் எப்படியோ அப்படித்தான் கன்றின் பழமும். செம்பனை அப்படிப்பட்டதன்று. அது கொட்டையிலிருந்து பிறக்கிறது. ஒரே குலையில் எடுத்த இரண்டு கொட்டைகளை நட்டால், அண்ணன் தம்பியைப்போல இரண்டும் இரண்டு விதமாக வளரும். ஒன்று விடாமல் குலை தள்ளும். அடுத்த மரம் ஓலையை விரித்துக்கொண்டு சும்மா நிற்கும். குலை வெட்டுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எந்த மரத்தடியில் அதிக நேரம் அண்ணாந்து நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய கழுத்துக்கே தெரியும்.

நல்ல மரம் ஒன்றை அப்படியே ஆயிரம் மரமாகப் பெருக்க முடிந்தால் எப்படியிருக்கும்? இந்த ஆசை தோட்ட நிருவாகங்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் நீண்ட காலமாக இருந்தது. ஆனால் செம்பனைக்குப் பக்கக்கன்று கிடையாது. அதற்கு ஒரே குருத்து. அந்தக் குருத்தை வெட்டினால் மரம் செத்துப்போகும். ஆகவே ஆசை நிறைவேற ஆய்வுக்கூடம் ஒன்றே வழியாயிற்று. அந்த ஆய்வுக்கூடத்தில் பிறந்த மரங்கள் கொடுத்த ஓர் அதிர்ச்சியையும், அதற்கு விடை தேடியபோது உலகம் அறிந்துகொண்ட ஒரு வகைப் புரதத்தையும் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் நம் ஜொகூரைப் பற்றிச் சில வார்த்தைகள். செம்பனை நம் நாட்டு மரமன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848ஆம் ஆண்டு ஜாவாத் தீவின் போகோர் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. இந்தப் பக்கத்துச் செம்பனைகளில் பெரும்பகுதி அந்த நான்கின் வழிவந்தவை. மலாயாவில் 1917ஆம் ஆண்டு சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் வணிக முறையில் நடவு தொடங்கிற்று. பின்னர் ஜொகூரிலும் பரவியது. உலு ரெமிஸ், லாபிஸ் என்று நாம் பேருந்துப் பலகையில் படிக்கும் பெயர்கள், செம்பனை விதை ஆராய்ச்சி நூல்களில் சிறந்த தாய் மர இனங்களின் பெயர்களாக உலகெங்கும் வழங்குகின்றன. 1973ஆம் ஆண்டு நைஜீரியக் காடுகளிலும் கிராமங்களிலும் திரட்டிய விதைகள் வளர்ந்து நிற்பதும் குளுவாங் ஆராய்ச்சி நிலையத்தில்தான்.

அதே குளுவாங்கில் இன்னொன்றும் நடந்தது. 1981ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டு பாமோல் தோட்டத்தில் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன்பு, ஆண் பூவின் மகரந்தத் தூளை எடுத்துப் பெண் பூவின்மேல் மனிதக் கையால் தூவ வேண்டியிருந்த தோட்டங்கள் பல. வெயிலேறுமுன் தூள் குழாயோடு வரிசை வரிசையாக நடந்தவர்களில் நம் பெண்கள் நிறையப் பேர். வண்டு வந்ததும் அந்த வேலை போயிற்று. விளைச்சல் பெருகியதைப் புகழ்ந்து எழுதியவர்கள் பலர். அந்தக் கைக்கூலி நின்றுபோன வீடுகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. போகட்டும், அது வேறு நாளில் பேச வேண்டிய கதை.

இப்பொழுது ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். மரத்திலிருந்து இளம் வேரையோ, விரியாத இளம் இலையையோ சிறு துண்டாக வெட்டி, சர்க்கரையும் உப்புகளும் வளர்ச்சி ஊக்கிகளும் கலந்த கூழின்மேல் கண்ணாடிக் குப்பியில் வைப்பார்கள். சில மாதங்களில் அது உருவமில்லாத ஒரு திரளாகும். அந்தத் திரளிலிருந்து கருக்கள் தோன்றும்; கருக்கள் கன்றுகளாகும். இதற்குத் திசு வளர்ப்பு என்று பெயர். 1974ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோன்ஸ் என்பவர் செம்பனையை இம்முறையில் வளர்த்ததாக அறிவித்தார். இரண்டு ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர்களும் அறிவித்தனர். 1970களின் பிற்பகுதியில் இத்தகைய கன்றுகள் மலேசிய மண்ணில் கால் ஊன்றின. வாழைக்கன்றைப்போலத் தாயின் மறு அச்சு! குப்பியிலே பிறந்த செம்பனை! எல்லோருக்கும் பெரும் நம்பிக்கை.

கன்றுகள் நன்றாகவே வளர்ந்தன. ஓலை நேர்த்தி, தண்டு நேர்த்தி. ஆனால் பூத்துக் காய்க்கும் பருவம் வந்தபோது சில மரங்களில் விபரீதம் தெரிந்தது. பழத்தைச் சுற்றிலும் இன்னொரு வளையமாகச் சதைத் துண்டங்கள் எழுந்து பழத்தை மூடிக்கொண்டன. குளிருக்குப் போர்வை போர்த்திக்கொண்டதுபோல் இருந்ததால் ஆங்கிலத்தில் இதை மேண்டில்டு என்றார்கள். போர்வை போர்த்தியது என்று பொருள். ஆண் உறுப்பாக வளர வேண்டிய பாகம் பெண் உறுப்பாக வளர்ந்ததால் வந்த கோளாறு இது. கோளாறு கடுமையான மரங்களில் பழம் முதிராமலே குலை அழுகிற்று. அவற்றிலிருந்து எண்ணெய் கிடைக்கவில்லை. 1986ஆம் ஆண்டு கோர்லியும் அவருடைய துணைவர்களும் தோட்டத் துறையின் ஏடாகிய ‘தி பிளாண்டர்’ இதழில் இதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார்கள்.

சராசரியாக நூற்றுக்கு ஐந்து மரங்கள் என்று கணக்கு. சில வரிசைகளில் அதைவிட மிக அதிகம். ஐந்துதானே என்று நினைக்கலாம். செம்பனையை ஒரு முறை நட்டால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அதே இடத்தில் நிற்கும். காய்க்காத மரத்துக்கும் உரம் உண்டு, களை பிடுங்கல் உண்டு. குலையின் எடைக்குக் கூலி வாங்குகிறவர் அந்த மரத்தைக் கடந்து வெறுங்கையோடு அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். கோளாறு கன்றிலே தெரிந்தால் நாற்றங்காலிலேயே பிடுங்கி எறியலாம். நட்டு மூன்றாண்டு கழித்துத்தானே தெரிகிறது! இதனால் பெரிய அளவில் நடுவதைப் பலர் நிறுத்திக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும்விட விஞ்ஞானிகளைக் குழப்பியது வேறொன்று. நல்ல மரமும் கெட்ட மரமும் ஒரே தாயின் ஒரே இலைத் துண்டிலிருந்து வந்தவை. உயிருக்கு உரிய எழுத்து, அதாவது டி.என்.ஏ. என்னும் நூலில் எழுதப்பட்டிருக்கும் செய்தி, இரண்டிலும் ஒன்றுதான். எழுத்துக்களைத் தேடித் தேடி ஒப்பிட்டும் காரணமாகச் சொல்லத்தக்க மாறுதல் கிடைக்கவில்லை. அதுமட்டுமன்று. கோளாறு லேசாக இருந்த சில மரங்கள் சில ஆண்டுகளில் தாமாகவே சரியாகிவிட்டன. எழுத்தே பிழைபட்டிருந்தால் இவ்வளவு எளிதில் திருந்தியிருக்க முடியுமா? அப்படியானால் மாறியது எது?

விடை காண, தோட்டத்தை விட்டுச் சற்றுத் தொலைவு போக வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கி, ஜெர்மனி நாட்டுக்குப் போவோம்.

1869ஆம் ஆண்டு டூபிங்கன் நகரில், ஒரு பழைய கோட்டையின் சமையலறையாக இருந்த இடத்தில், பிரீட்ரிக் மீஷர் என்னும் இளைஞர் அருவருப்பான ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தார். மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டிய துணிகளை வாங்கிவந்து, அவற்றிலிருந்த சீழைக் கழுவி எடுத்தார். சீழில் உள்ள உயிரணுக்களின் உட்கருவிலிருந்து அதுவரை யாரும் காணாத ஒரு பொருள் பிரிந்தது. அதுதான் பிற்காலத்தில் டி.என்.ஏ. என்று நாம் பெயரிட்டு அழைக்கும் பொருள். பத்தாண்டுக்குப் பின் வால்தர் பிளெமிங் என்பவர் சாயம் ஏற்றி உட்கருவை நோக்கியபோது, உள்ளே இருந்த ஒரு பொருள் சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கிரேக்க மொழியில் நிறத்துக்குக் குரோமா என்று பெயர். எனவே அதைக் குரோமாட்டின் என்றார். 1884ஆம் ஆண்டு ஆல்பிரெக்ட் கோசல், வாத்து இனப் பறவையின் இரத்தத்திலிருந்து ஹிஸ்டோன் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, நம்முடையதில் கிடையாது. அதனால்தான் பறவை இரத்தம்.

டி.என்.ஏ.யும் ஹிஸ்டோனும் சேர்ந்ததே குரோமாட்டின். ஏன் சேர வேண்டும்? நம் உடம்பில் உட்கரு உள்ள உயிரணு ஒன்றில் இருக்கும் டி.என்.ஏ. நூலை நீட்டிப் பிடித்தால் இரண்டு மீட்டர் இருக்கும்.  அது அடங்க வேண்டிய உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட அகலமில்லாதது. தையல் நூலை உருளையில் சுற்றாமல் பையில் திணித்தால் என்ன ஆகும் என்பது தைப்பவர்களுக்குத் தெரியும். இயற்கையும் உருளை வைத்துத்தான் சுற்றியிருக்கிறது. 1974ஆம் ஆண்டு ரோஜர் கோர்ன்பெர்க் அந்த உருளையின் அமைப்பைக் கண்டு சொன்னார்: எட்டு ஹிஸ்டோன்கள் கூடி ஓர் உருளை, அதைச் சுற்றி நூல். அதே காலத்தில் ஓலின்ஸ் தம்பதியர் மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த படத்தில், நூலில் மணி கோத்ததுபோல அது தெரிந்தது. ஒரு மணியைச் சுற்றி 147 எழுத்து நீளமுள்ள நூல். மனித உயிரணு ஒன்றில் இப்படி ஏறத்தாழ மூன்று கோடி மணிகள்.

சுற்றி வைத்த நூல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இறுகியிருப்பதில்லை. தளர்ந்த இடத்திலுள்ள செய்தியை உயிரணு எளிதில் படிக்கும். இறுகிய இடத்தில் படிக்காது. 1930ஆம் ஆண்டே ஹெர்மன் முல்லர் இதன் நிழலைக் கண்டார். பழ ஈக்கு இயல்பாகச் சிவந்த கண். சில ஈக்களில் சிவப்பிலே வெள்ளைத் திட்டுக்கள் தோன்றின. கண்ணுக்குச் சிவப்பு தரும் மரபணு கெட்டுப்போகவில்லை. இடம் மாறி இறுகிய பகுதிக்கு அருகே போய்ச் சேர்ந்திருந்தது. சில உயிரணுக்களில் இறுக்கம் அதன்மேலும் பரவியது, சிலவற்றில் பரவவில்லை. எழுத்து ஒன்றே, கண் மட்டும் இருநிறம். நேயர்களே, நம் செம்பனையின் புதிரும் இந்த ஈயின் புதிரும் ஒரே குடும்பம் என்பது இப்பொழுதே உங்களுக்குத் தோன்றியிருக்கும்.

எந்த இடம் இறுக வேண்டும், எந்த இடம் தளர வேண்டும் என்பதை யார் சொல்கிறார்கள்? இங்கேதான் குறிகள் வருகின்றன. இரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப்பாருங்கள். மரத்தில் சாயத்தால் ஒரு கோடோ வட்டமோ போட்டிருப்பார்கள். அந்தச் சாயம் மரத்தை ஒன்றும் செய்வதில்லை. பாலின் தன்மையும் மாறுவதில்லை. ஆனால் அந்தக் குறியின் பொருளை அறிந்த பால்வெட்டுக்காரர் அதைப் பார்த்ததும் கத்தியை எடுப்பார், அல்லது அடுத்த மரத்துக்குப் போவார். குறி தெரியாத ஒருவருக்கு அது வெறும் சாயம். ஆக, குறி போடுகிறவர் ஒருவர், குறியைப் படிக்கிறவர் ஒருவர், இருவரும் இருந்தால்தான் வேலை நடக்கும்.

குரோமாட்டினிலும் அப்படியே. மெதில் என்னும் மிகச் சிறிய வேதிப்பொருள் சாயம்போல ஒட்டப்படுகிறது. சில சமயம் டி.என்.ஏ. எழுத்தின்மேலேயே ஒட்டும்; சில சமயம் ஹிஸ்டோனின் நீட்டிக்கொண்டிருக்கும் வாலில் ஒட்டும். அதைப் படிப்பதற்கென்று தனிப் புரதங்கள் இருக்கின்றன. அவை குறியைக் கண்ட இடத்தில் குரோமாட்டினைப் பற்றிக்கொள்ளும். பற்றியதும் அந்த இடம் இறுகும் அல்லது தளரும். இவற்றைக் குரோமாட்டினைப் பற்றும் புரதங்கள் என்கிறார்கள்.

இவற்றில் பெயர்பெற்றது எச்.பி.1 என்னும் புரதம். அமெரிக்காவில் சாரா எல்ஜின் அம்மையாரின் குழுவினர் 1986ஆம் ஆண்டு பழ ஈயில் இதைப் பற்றி எழுதினர். கவனியுங்கள், போர்வைப் பழத்தைப் பற்றிக் கோர்லி எழுதிய அதே ஆண்டு. ஒருவர் எழுதியது மற்றவர் காதுக்கு எட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மனிதரிடமும் எச்.பி.1 புரதம் மூன்று வகையாக உண்டு. அது எந்தக் குறியைப் படிக்கிறது என்பது 2001ஆம் ஆண்டுதான் தெரிந்தது. வியன்னாவில் ஜெனுவைன் குழுவினரும் கேம்பிரிட்ஜில் கௌசரைட்ஸ் குழுவினரும் ஒரே சமயத்தில் கண்டனர்: மூன்றாம் ஹிஸ்டோனின் வாலில் ஒன்பதாம் இடத்தில் மெதில் குறி இருந்தால் எச்.பி.1 வந்து பற்றும்; இல்லையென்றால் நழுவிவிடும்.

இப்படிப்பட்ட புரதத்தை எப்படி ஆராய்வது? உயிரணுவுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் தூய்மையாகப் பிரிப்பது அரிது. மனிதப் புரதம் வேண்டும் என்பதற்காக மனித உடம்பைக் கிலோ கணக்கில் அரைக்கவும் முடியாது! இங்கேதான் 1973ஆம் ஆண்டு கோஹன், போயர் என்னும் இரு அமெரிக்கர்கள் காட்டிய வழி கைகொடுத்தது.

ஒரு வீட்டுச் சமையற்காரரின் குறிப்பேட்டில் வேறு வீட்டுப் பலகாரத்தின் செய்முறைச் சீட்டை நைசாகச் செருகிவிட்டால், அவர் தம் வழக்கமான சமையலோடு அதையும் செய்துவைத்துவிடுவார் அல்லவா? அதுபோல, மனித மரபணுவின் நகலை ஒரு வட்டமான டி.என்.ஏ. துண்டில் ஒட்டி, ஈ.கோலை என்னும் பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறார்கள். பாக்டீரியா இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகுவது. மாலையில் ஒரு துளி விட்டால் காலையில் குடுவை தோசை மாவுபோலப் புளித்துக் கலங்கி நிற்கும். ஒவ்வொன்றும் மனிதப் புரதத்தைச் செய்துகொண்டிருக்கும். 1978ஆம் ஆண்டு மனித இன்சுலின் இவ்வாறு செய்யப்பட்டது. 1982ஆம் ஆண்டு மருந்தாக விற்பனைக்கு வந்தது. நம் வீடுகளில் இனிப்பு நீர் உள்ளவர்கள் இன்று போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசி இந்த வழியில் வந்ததே. பழைய காலத்தில் அது பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது.

குரோமாட்டினைப் பற்றும் புரதமும் இப்படியே செய்யப்படுகிறது. புரதத்தின் நுனியில் ஹிஸ்டிடின் என்னும் சிறு பொருளை ஆறு முறை அடுத்தடுத்து வால்போலச் சேர்த்துவிடுவார்கள். அந்த வாலுக்கு நிக்கல் உலோகத்தின்மேல் ஆசை அதிகம். பாக்டீரியாக்களை உடைத்து, அந்தச் சாற்றை நிக்கல் பூசிய மணிகள் அடைத்த குழாயில் ஊற்றினால், வாலுள்ள புரதம் மட்டும் தங்கும், மற்றவை வடிந்துபோகும். பின்னர் வேறொரு கரைசலை ஊற்றித் தங்கியதை விடுவிப்பார்கள். 1980களின் இறுதியில் வந்த உத்தி இது. இத்தகைய புரதம் விற்பனைக்கும் கிடைக்கிறது. விரல் நுனியளவு குப்பி; அதற்குள் ஓர் உப்புப் பொடிக் கல்லின் எடையே உள்ள புரதம். உறைநிலைக்குக் கீழே எண்பது டிகிரிக் குளிரில் வைப்பார்கள். குப்பியின்மேல், ஆராய்ச்சிக்கு மட்டும், நோயாளிக்கு அன்று, என்று எழுதியிருக்கும். இன்சுலினுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். இது மருந்தன்று, கருவி.

கருவி எதற்குப் பயன்பட்டது? 1997ஆம் ஆண்டு சூரிக் நகரில் கரோலின் லூகரும் டிமோத்தி ரிச்மண்டும் நூலுருளையின் முழு வடிவத்தையும் அணு அணுவாகப் படமெடுத்தார்கள். பாக்டீரியாவில் செய்த ஹிஸ்டோன்களைக்கொண்டே அதைச் சாதித்தார்கள். இயற்கையில் எடுத்த ஹிஸ்டோன்களில் குறிகள் பலவிதமாகக் கலந்திருக்கும். பாக்டீரியா செய்தவற்றில் அக்குறிகள் கிடையா, எல்லாம் ஒரே அச்சு. இருபது ஆண்டு கழித்து, 2017இல், கலிபோர்னியாவில் கீதா நார்லிகர் அம்மையாரின் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு வியப்பு. வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகரின் மகளாகிய இவர் பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர். பாக்டீரியாவில் செய்த மனித எச்.பி.1 புரதத்தில் பாஸ்பேட் குறி ஏற்றியபோது, தெளிந்த கரைசல் கலங்கிற்று. நுண்ணோக்கியில் பார்த்தால், ரசத்தின்மேல் எண்ணெய் மிதப்பதைப்போலச் சின்னஞ்சிறு துளிகள். இறுகிய குரோமாட்டின் இப்படித் துளியாகத் திரண்டுதான் மற்றவற்றை விலக்கி நிற்கிறதோ என்று அவர்கள் கேட்டார்கள். உயிருள்ள அணுவுக்குள்ளும் அப்படித்தானா என்பதில் விஞ்ஞானிகளிடையே வாதம் உண்டு.

படிக்கும் புரதம் பழுதுபட்டால் மனிதருக்கு என்ன ஆகும்? இதைச் சொல்லாமல் போனால் பேச்சு நிறைவுபெறாது. 1992ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் ஏட்ரியன் பேர்டு குழுவினர் டி.என்.ஏ.யின் மெதில் குறியைப் பற்றும் ஒரு புரதத்தைக் கண்டனர். மெக்.பி.2 என்று பெயர். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1966ஆம் ஆண்டு, வியன்னா மருத்துவர் ஆந்திரேயாஸ் ரெட் சில பெண் குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார். பிறந்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை மற்றக் குழந்தைகளைப்போலவே சிரித்து வளர்வார்கள். பிறகு கற்ற சொல்லை மறப்பார்கள். கையால் பொம்மையைப் பிடிக்க மாட்டார்கள். துணி பிழிவதுபோல இரு கைகளையும் ஓயாமல் பிசைந்துகொண்டிருப்பார்கள். ஏறத்தாழ பத்தாயிரம் பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. தாய்மார் செய்த ஏதோ குற்றம் என்றும், பயந்த கோளாறு என்றும் எத்தனை பேச்சு! 1999ஆம் ஆண்டு ஹூடா சோக்பி அம்மையாரின் குழு அமெரிக்காவில் காரணத்தைக் கண்டது. பெரும்பாலான இக்குழந்தைகளில் பழுதுபட்டிருப்பது மெக்.பி.2 மரபணு. அதுவும் பெரும்பாலும் புதிதாக நேர்ந்த பழுது. தாய் தந்தையரிடம் இருந்து வந்ததன்று. அந்தப் பழுதுபட்ட புரதத்தையும் நல்ல புரதத்தையும் பாக்டீரியாவில் செய்து, குறியிட்ட டி.என்.ஏ.யோடு சேர்த்துப் பார்த்தபோது, பழுதுபட்டவற்றில் பல நழுவிப்போவது தெரிந்தது.

2007ஆம் ஆண்டு பேர்டு குழுவினர் எலிகளில் ஒரு சோதனை செய்தனர். நோய் முற்றிய எலிகளுக்கு அந்தப் புரதத்தை மறுபடி கிடைக்கச் செய்தபோது அவை தேறி எழுந்தன. மூளை அழிந்துவிடவில்லை, படிப்பவர் இல்லாமல் தவித்திருந்தது என்பது அதன் பொருள். மனிதக் குழந்தைக்கு அந்த வைத்தியம் இன்னும் கைகூடவில்லை. 2023ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு மருந்து அறிகுறிகளை ஓரளவு தணிக்கிறது, அவ்வளவே.

சரி, குளுவாங்குக்குத் திரும்புவோம். செம்பனை எழுத்துக்களை முழுவதும் படிக்கும் பணியை மலேசியச் செம்பனை வாரியம் மேற்கொண்டது. 2013ஆம் ஆண்டு 180 கோடி எழுத்துள்ள அந்த நூல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. பழத்தின் ஓடு தடிப்பா மெலிவா என்பதைத் தீர்மானிக்கும் மரபணுவும் அதோடு வெளியாயிற்று. அந்தக் குழுவை நடத்தியவர்களில் ஒருவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி அம்மையார். பெயரைக் கேட்டதும் நேயர்களில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

அதே குழுவினர் அடுத்துப் போர்வைப் பழத்தை எடுத்துக்கொண்டனர். எழுத்தை அல்ல, எழுத்தின்மேல் உள்ள குறிகளைத் தேடினார்கள். குறியிட்ட டி.என்.ஏ.யைப் பிடிக்க மனிதப் புரதத்தின் பற்றும் பகுதியைத் தூண்டிலாக்கும் முறை உலகில் இருந்தாலும், இவர்கள் கையாண்டது வேறு முறை. செடிகளின் மெதில் குறிகள் மனிதருடையதைவிடப் பல வகைப்பட்டவை. நல்ல மரத்தின் இலையையும் கெட்ட மரத்தின் இலையையும் எடுத்து, நூல் முழுவதும் இடம் இடமாக ஒப்பிட்டார்கள். 2015ஆம் ஆண்டு, மெய்லினா ஓங்-அப்துல்லா அம்மையாரை முதற்பெயராகக் கொண்டு விடை வெளிவந்தது.

பூவின் உறுப்புக்களை வகுக்கும் ஒரு மரபணுவின் நடுவே, இடம்விட்டு இடம் தாவும் ஒரு பழைய டி.என்.ஏ. துண்டு குடியேறியிருக்கிறது. இத்தகைய துண்டை நெல்லில் முதலில் கண்ட ஜப்பானியர் அதற்குக் கர்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். நல்ல செம்பனையில் அந்தத் துண்டின்மேல் மெதில் குறி அடர்ந்திருக்கிறது. குறி இருக்கும்வரை உயிரணு அதைத் தாண்டிச் சென்று மரபணுவின் செய்தியை முழுதும் படிக்கும். குப்பியில் பல மாதம் உருவமற்ற திரளாகக் கிடந்தபோது சில அணுக்களில் அந்தக் குறி அழிந்துபோயிற்று. குறி போனதும் படிப்பு நடுவழியில் கர்மாவுக்குள் திரும்பி, செய்தி அரைகுறையாக முடிந்தது. அரைகுறைச் செய்தியால் ஆண் உறுப்பு பெண் உறுப்பாயிற்று, பழம் போர்த்திக்கொண்டது. தேறிய மரங்களில் குறி திரும்பி வந்திருந்தது. குறி உள்ளதை நல்ல கர்மா என்றும் குறி அழிந்ததைக் கெட்ட கர்மா என்றும் அந்த விஞ்ஞானிகளே அழைத்தார்கள். வினைப்பயனைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயர் புன்னகையை வரவழைக்கிறது. ஆனால் இந்தக் கர்மா போன பிறவியில் செய்ததன்று, போன ஆண்டு குப்பிக்குள் நேர்ந்தது.

ஈயின் கண்ணில் 1930இல் தெரிந்ததும், மனிதப் புரதங்களைப் பாக்டீரியாவில் செய்து குப்பி குப்பியாக ஆராய்ந்து தெரிந்ததும், குறி என்று ஒன்று உண்டு, அதைப் படிக்க ஆள் உண்டு என்பதே. அந்த அறிவு இல்லாதிருந்தால் செம்பனையில் குறியைத் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? எழுத்திலேயே இன்னும் முப்பது ஆண்டு தேடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பு தந்த பயன் எளிமையானது. கர்மாவின் குறி இலையிலும் தெரியும். ஆகையால் பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் நிற்கும் கன்றின் ஓலையிலிருந்து காகிதத்தில் துளையிடுவதுபோல ஒரு சிறு வட்டத்தை வெட்டி, கன்றின் எண்ணையும் எழுதி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதும். குறி இருக்கும் கன்று வயலுக்குப் போகும். குறி அழிந்த கன்றை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.